கடற்பாசி மாத்திரையை நிறுத்தியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்காவுக்கு வயது 41. ஹாஷிமோட்டோ தைராய்டு (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்). தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லீவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராமில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும்) ரொம்ப நாளாக 2.5 பக்கத்திலேயே, நார்மலாக நின்றது. முடி கொட்டுகிறது என்று ஜனவரியில் யாரோ சொல்லி கடற்பாசி மாத்திரை ஆரம்பித்தார். ஏப்ரலில் டி.எஸ்.எச். 11.4, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) கீழ் எல்லையில்.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், ஒரு மாத்திரைக்கு அயோடின் 500 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. அவர் எடுத்தது தினம் இரண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 150தான். அயோடின் குறைந்தால்தான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். ஹாஷிமோட்டோ உள்ள சுரப்பியில் அளவு கூடினாலும் ஹார்மோன் தயாரிப்பு தடைபடும். டப்பாவில் இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

ரிசல்ட் வந்த அன்றே நிறுத்தியாச்சு. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில்தான், கால்சியம் நான்கு மணி நேரம் தள்ளி. ரத்தப் பரிசோதனையைக் குழப்பும் பயோட்டின் வைட்டமின் இல்லை, கர்ப்பமும் இல்லை. அயோடின் உப்பு வழக்கம்போல. அதை நிறுத்த வேண்டாம் என்றார் மருத்துவர். ஆறு வாரம் கழித்து 9.8. சோர்வு, முக வீக்கம், குரல் கரகரப்பு எல்லாம் அப்படியே. ஒரு மருத்துவர் டோஸை 100 ஆக்கச் சொல்கிறார். இன்னொருவர், சுரப்பி தானே தேறும், இப்போது ஏற்றினால் அப்புறம் படபடப்பு வரும், பொறுங்கள் என்கிறார்.

இப்படி அயோடின் கூடி ஏறிய டி.எஸ்.எச்., டோஸை ஏற்றாமலே உங்களில் யாருக்காவது இறங்கியிருந்தால், எத்தனை மாதம் ஆனது?