வியன்னா பெல்வெடேர்: அரை நாள் போதுமா?

கேள்வி: அரை நாள்தான் இருக்கு, கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியமும் தோட்டமும் பார்க்கணும். மேல், கீழ் என்று இரண்டு அரண்மனை இருக்காமே, எதற்கு டிக்கெட் எடுப்பது?

பதில் 1: ‘முத்தம்’ இருப்பது மேல் பெல்வெடேரில். நேரம் குறித்த டிக்கெட், ஆன்லைனில் எடுத்துடுங்க. கீழ் அரண்மனைக்குத் தனி டிக்கெட். இரண்டையும் குழப்பிக்கொண்டு கீழே போய் நிற்பவர்கள் ஏராளம். ‘டி’ (D) தட டிராமில் ‘ஷ்லாஸ் பெல்வெடேர்’ நிறுத்தம். முதுகுப்பையை லாக்கரில் வைக்கணும், அதற்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போங்க.

பதில் 2: படம் 180 செ.மீ. சதுரம். நேர் எதிரே எப்பவும் கூட்டம்தான். கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் தங்க ரேக்கு ஒளியில் மினுங்குவது இன்னும் நல்லாத் தெரியும். அப்படியே மார்பிள் மண்டபத்தையும் விட்டுடாதீங்க. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவுக்கு மீண்டும் சுதந்திரம் தந்த ஆஸ்திரிய அரசு ஒப்பந்தம் 1955 மே 15-ல் கையெழுத்தானது அங்கேதான்.

பதில் 3: தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மேலிருந்து கீழாக நடங்க: சரிவு, கால் வலிக்காது, ஸ்டீஃபன் தேவாலயக் கோபுரமும் கண்ணெதிரே. நடுவில் நிழலே கிடையாது, கோடையில் தொப்பி அவசியம். போட்டோவுக்குத் தெற்குப் பக்கக் குளம்தான் சரி. வடக்கு முகப்பு நண்பகலில் எதிர்வெயிலில் கறுத்துப்போகும். கீழ் வாசலில் 71-ம் எண் டிராம்.

கேள்வி கேட்டவர்: அப்போ மேல் மட்டும் எடுக்கிறேன். நன்றிங்க.