புதுப்பிப்பு: சத்தமில்லாத சிறு கணினிக்கு மதர்போர்டு முடிவாகிவிட்டது

கோப்புகளைச் சேமிக்கவும் படம் பார்க்கவும் நாள் முழுவதும் ஓடும் சிறு கணினிக்கு, எச்610 வகை மதர்போர்டில் இன்டெல் ஐ3 செயலியைத் தனியாக வாங்கிப் போடலாமா, இன்டெல் என்100 செயலி பதிந்தே வரும் போர்டு போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவது வகையில் அஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் போர்டை வாங்கிவிட்டேன்.

முடிவைத் தீர்மானித்தது செயலி அல்ல, பவர் சப்ளை. எச்610 போர்டோடு போடும் 450 வாட் பவர் சப்ளைக்கு, இந்தக் கணினியின் 15 வாட் சுமை என்பது சுமார் 3 சதவீதம். பவர் சப்ளை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்று சொல்லும் 80 பிளஸ் தங்கச் சான்றிதழோ 20 சதவீதச் சுமைக்குக் கீழே சோதிப்பதே இல்லை. அங்கே திறன் சரிந்துவிடும். பளபளக்கும் அந்த முத்திரையால் நமக்கு என்ன லாபம்? இந்தப் போர்டுக்கு மடிக்கணினிக்குப் போல 19 வோல்ட் அடாப்டர் போதும். செயலிக்கும் விசிறி கிடையாது, வெப்பத்தகடு மட்டுமே.

நினைவகத்துக்கு ஒரே இடம், வட்டுகளைச் செருகும் சாட்டா இணைப்பு இரண்டு. தனக்கு நான்கு வட்டுகள் வேண்டும் என்று முன்பு சொன்ன நண்பருக்கு இது ஒத்துவராது.

பெட்டிதான் பாக்கி. விசிறி இல்லாததால் வெப்பம் தானாக மேலெழ வேண்டும். மேற்புறம் துளையுள்ளதாகத் தேடுகிறேன். அழகான கண்ணாடிப் பெட்டிகளை யாரும் பரிந்துரைக்க வேண்டாம்.