ரொம்பின் மயில் மீன் பயணம்: வழிகாட்டியின் பேக்கேஜா, நேரே தெக்கோங்கிடமா?

நாகை நெய்தல்:
வணக்கம். சிங்கப்பூரில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். செப்டம்பரில் நண்பர்கள் நான்கு பேர் மலேசியாவின் கோலா ரொம்பினுக்குப் போய் ஆழ்கடலில் மயில் மீன் பிடிக்கலாம் என்று இருக்கிறோம். முதுகில் பாய் மாதிரி துடுப்பும் ஈட்டி போல நீண்ட அலகும் உள்ள மீன், ஊரில் இதை மயில் கோலா என்போம். இணையத்தில் ஒரு வழிகாட்டியிடம் விசாரித்தேன். இரண்டு நாள் படகு, ஓர் இரவு அறை, தூண்டில் சாமான், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 950 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், அதைத் திருப்பித் தர மாட்டார்களாம். கூட வேலை செய்யும் மலேசிய அண்ணன் ஒருவர், "அதெல்லாம் வேண்டாம், நேரே தெக்கோங்குக்கு, அதான் படகோட்டிக்கு, போன் போடு, பாதி விலையில் முடியும்" என்கிறார். எங்களில் யாருக்கும் மலாய் தெரியாது. எனக்குக் கடல் புதிதில்லை, ஆனால் ராடும் ரீலும் புதிது. எது சரி?

கிள்ளான் ஜோரான்:
தம்பி, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. பாதி விலை என்பது கொஞ்சம் மிகை, ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு 3,800 வெள்ளி. நான் கடைசியாக நேரே பேசிப் போனபோது படகுக்கு ஒரு நாளைக்கு 1,200, இரண்டு நாளைக்கு 2,400. அறை இரண்டு, 300. சாப்பாட்டுக்கு இன்னொரு 300 போட்டாலும் 3,000-ல் முடிகிறது. மீதி 800 யாருக்கு? வெயிலில் நாள் முழுக்க நின்று படகோட்டும் மனிதருக்கு இல்லை. இடையில் நிற்கிறவருக்கு.

தெக்கோங் வெறும் படகோட்டி இல்லை. அவர்தான் உங்களுக்கு வழிகாட்டி. காலையில் முதல் வேலையாக அப்பொல்லோ என்கிற தூண்டில் சரம் போட்டு உயிர் இரை பிடிப்பார். ஒரே தங்கூசியில், அதாவது தூண்டில் நூலில், ஏழெட்டுக் குட்டி முள், சரம் சரமாகத் தம்பான், கெம்போங் என்ற சின்ன மீன்கள் ஏறும். அதன் பிறகு அவர் கண் தண்ணீரில் இருக்காது, வானத்தில் இருக்கும். எங்கே பறவைகள் வட்டமிட்டுக் குத்திக் குத்தி எழுகின்றனவோ அங்கே சின்ன மீன் கூட்டம் மேலே வந்திருக்கிறது, அதன் அடியில் மயில் மீன் நிற்கிறது என்று அர்த்தம். இதை எந்த இணையதளமும் உங்களுக்குச் செய்து தராது.

இன்னொன்று, இது ஆழ்கடல் இல்லை. தென் சீனக் கடலின் அந்தப் பகுதி ஆழம் குறைந்த கண்டத்திட்டின் மேல் இருக்கிறது. மயில் மீன் கிடைக்கும் இடத்தில் பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழம்தான். "ஆழ்கடல் சாகசம்" என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

கடலக்கா:
ஜோரான் அண்ணே, உங்கள் கணக்கில் தூண்டில் சாமானையே காணோம். உங்களிடம் ராடு இருக்கிறது, ரீல் இருக்கிறது, முள் கட்டத் தெரியும். இந்தத் தம்பிகளிடம் ஒன்றுமில்லை. நாலு பேருக்கும் தாங்கக்கூடிய ரீல், நரம்பு (தூண்டில் நூல்), லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நூல்) என்று கடையில் வாங்கப் போனால் நீங்கள் சொன்ன 800 வெள்ளி ஒரே ஆளுக்கே செலவாகிவிடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் தடவை நாங்களும் நேரடியாகத்தான் பேசிப் போனோம். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படகில் இருந்தவை J எழுத்து வடிவத்தில் இருக்கும் பழைய ஜே முள்கள். என் கணவர் இழுத்த மீன் இரையை முழுதாக விழுங்கிவிட்டது. பக்கத்தில் கொண்டுவந்தபோது செவுளிலிருந்து ரத்தம் விட்டு விட்டு வந்தது. விட்டோம், அது நீந்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. மேலே வரும்போது உடம்பெல்லாம் நீலக் கோடாக மின்னியது, ஐந்து நிமிடத்தில் பழுப்பாகிவிட்டது. அன்று பிற்பகல் முழுக்க எனக்குத் தூண்டிலைத் தொடப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் வழிகாட்டியோடு போனோம். அவர் முதலில் கற்றுக் கொடுத்தது ஒன்றுதான்: நுனி உள்பக்கமாக வளைந்த வட்ட முள்ளில் மீன் பிடித்ததும் ராடை வெட்டி இழுக்காதே, நரம்பு இறுகும் வரை சும்மா சுற்று. வெட்டி இழுத்தால் முள் வெளியே வந்துவிடும். பொறுத்தால் தானாகவே வாயோரத்தில் மாட்டும். அன்று ஆறு மீன், ஆறும் வாயோரத்தில், ஆறும் நீந்திப் போயின. அந்த 800 வெள்ளி இதற்குத்தான்.

கிள்ளான் ஜோரான்:
வட்ட முள்ளுக்கு வழிகாட்டி வேண்டுமா அக்கா? ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் தெக்கோங் அதையே கட்டித் தருவார். எனக்குத் தெரிந்த யாரும் மறுத்ததில்லை. உங்கள் முதல் பயணம் கெட்டது முள்ளால்தான், நேரே பேசியதால் இல்லை.

வழிகாட்டி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் படகு, எந்தத் தெக்கோங் என்பதைக் கடைசி வரை சொல்லாமல் முன்பணம் வாங்குகிற பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, போய் நிற்கும்போதுதான் தெரியும், படத்தில் பார்த்த படகு வேறு, வந்து நிற்கிற படகு வேறு. எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

எண்டாவ் பையன்:
நான் அந்தப் பக்கத்துக்காரன். இரண்டு சீசன் படகில் கையாளாக இருந்தேன். இரண்டு பேரும் சொல்வதில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு.

ஜோரான் அண்ணன் பணம் தெக்கோங்குக்குப் போகட்டும் என்கிறார், நல்ல எண்ணம். ஆனால் நான் வேலை செய்த படகு தெக்கோங்குடையது இல்லை, தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. நீங்கள் நேரே பேசினாலும் ஏஜெண்ட் வழியாக வந்தாலும் எங்கள் தெக்கோங்குக்கு அதே நாள் கூலிதான். மிச்சத்தில் எண்ணெய், பழுது, தவுக்கேயின் லாபம். ஆகவே "படகு யாருடையது" என்று முதலில் கேளுங்கள். சொந்தப் படகு வைத்திருக்கிற தெக்கோங் என்றால் நேரே பேசுவதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் நேராகப் போயும் பெரிய வித்தியாசம் இல்லை.

கூலிக்கு ஓட்டுகிற தெக்கோங்குக்கு இன்னொரு சிக்கல். காற்று அடிக்கிறது, அவருக்குப் போக மனமில்லை, ஆனால் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. வாடிக்கையாளர்களோ இரவெல்லாம் காடி ஓட்டி வந்திருக்கிறார்கள், திரும்பிப் போக மனம் வராது. "கொஞ்சம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். வாந்தியெடுத்துப் படகின் தரையில் சுருண்டு கிடந்த ஆட்களுக்கு நான் தண்ணீர் கொடுத்த நாட்களெல்லாம் அப்படி ஆரம்பித்தவைதான்.

நாகை நெய்தல்:
இது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஊரில் அப்பா கரையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேணாம்" என்றால் பேச்சு முடிந்தது. அவருடைய படகு, அவருடைய முடிவு. இங்கே பணம் கட்டியவர், படகு வைத்திருப்பவர், ஓட்டுபவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். வானிலை மோசமானால் முன்பணம் என்ன ஆகும் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "படகு கிளம்பாவிட்டால் வேறு தேதி தருவோம்" என்றார். நாங்களே பயந்து வேண்டாம் என்றால் பணம் போய்விடுமாம்.

கடலக்கா:
அதை எழுத்தில் வாங்குங்கள், "மோசமான வானிலை" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். மலேசிய வானிலைத் துறை பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்று எச்சரிக்கை வெளியிடும். அதில் முதல் நிலையே காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. சின்னப் படகுகளுக்கும் கடல் பொழுதுபோக்குக்கும் ஆபத்து என்று அதிலேயே சொல்லியிருப்பார்கள். "அந்தக் கடற்பகுதிக்கு இந்த எச்சரிக்கை இருந்தால் தேதி மாற்றம்" என்று ஒரு வரி இருந்தால் ஜெட்டியில் வாக்குவாதம் வராது. நேரடியாகப் பேசும்போது இப்படி எழுதித் தர யார் இருக்கிறார்கள்? இதனாலும்தான் நான் பேக்கேஜ் பக்கம்.

கிள்ளான் ஜோரான்:
நேரே பேசும்போது எழுத்தே தேவைப்படுவதில்லை அக்கா, ஏனென்றால் பெரிய முன்பணமும் இல்லை. போன வருடம் 200 வெள்ளி கட்டினேன். முதல் நாள் இரவு தெக்கோங்கே கூப்பிட்டு, "நாளைக்கு வராதீங்க, காத்து சரியில்ல" என்று சொன்னார். 200-ஐ அடுத்த பயணத்தில் கழித்துக்கொண்டார். இந்தத் தம்பிகள் 1,900 வெள்ளி கட்டிவிட்டு நிற்கப் போகிறார்கள். 1,900 கட்டியவன் காற்றைப் பார்த்துத் திரும்பிப் போவானா? எண்டாவ் பையன் சொன்னாரே, "கொஞ்சம் வெளியே போய்ப் பார்க்கலாமே" என்று ஆரம்பிப்பது யார்? பெரிய முன்பணம் கட்டியவர்தான். பணத்தை விடுங்கள், உயிருக்கே அதுதான் ஆபத்து.

எண்டாவ் பையன்:
இதில் நான் அண்ணன் பக்கம்.

கடலக்கா:
அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் முன்பணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள் தம்பி. ஆனால் மலாயே தெரியாத நான்கு பேர், ராடு பிடித்துப் பழக்கமில்லாதவர்கள், ஒரு தெக்கோங்கை மட்டும் நம்பிப் போவதை நான் இன்னமும் ஏற்கவில்லை. ரொம்பினில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தூண்டிலில் மீன் ஏறும். ஒன்று வலப்பக்கம் குதித்து ஓடும், இன்னொன்று படகுக்கு அடியில் போகும். ஒருவர் ராடை இன்னொருவர் நரம்புக்கு அடியில் நுழைத்து மாற்றிப் பிடிக்க வேண்டும். "கீழே போ, கீழே போ" என்று மலாயில் கத்தினால் இவர்களுக்கு என்ன புரியும்?

பெண்கள் யாராவது வருவதாக இருந்தால், படகில் கழிவறை இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். இரண்டாவது பயணத்துக்கு நான் அதை முதல் கேள்வியாகவே வைத்தேன். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் எட்டு மணி நேரம் இருந்து தலைசுற்றி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாகை நெய்தல்:
நான்கு பேரும் ஆண்கள்தான் அக்கா, ஆனாலும் கேட்கிறேன். இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. மயில் மீனைப் பிடித்து விட்டுவிட வேண்டும் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்கிறார். எங்கள் வீட்டில் மயில் கோலா வலையில் விழுந்தால் சந்தைக்குப் போகும், ஒரு துண்டு குழம்புக்கு வரும். சாப்பிடுவதற்காகப் பிடிப்பது எனக்குப் புரியும். அரை மணி நேரம் இழுத்துக் களைக்க வைத்து, படம் எடுத்து, பிறகு விட்டுவிடுவது மீனை வதைப்பது போலத் தோன்றுகிறது. நான் தவறாக நினைக்கிறேனா?

கிள்ளான் ஜோரான்:
தவறில்லை தம்பி. ஆனால் அந்த ஊரின் நிலைமை வேறு. உங்கள் அப்பாவுக்கு அந்த மீன் வருமானம். ரொம்பினில் அந்த மீன் உயிரோடு இருப்பதுதான் வருமானம். படகு, அறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அது திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் ஓடுகின்றன. தினம் பத்துப் படகு போய் ஆளுக்கு இரண்டு மீன் கொண்டுவந்தால் எத்தனை வருடம் தாங்கும்? இந்த ஒன்றில் அக்காவும் நானும் ஒரே பக்கம்.

நாகை நெய்தல்:
வருமானக் கணக்கு புரிகிறது அண்ணே. மீனின் பக்கத்துக்கு அது பதில் இல்லையே.

எண்டாவ் பையன்:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாங்கள் என்ன செய்வோம் என்பதை மட்டும் சொல்கிறேன். மீனைப் படகுக்குள் தூக்கவே மாட்டோம். கையுறை போட்டு அலகைப் பிடித்து, தலை தண்ணீருக்குள் இருக்க, படகை மெதுவாக முன்னே ஓட்டுவோம். வாய் வழியாகத் தண்ணீர் போய்ச் செவுள் வழியாக வர வேண்டும். முதலில் செத்த கட்டை மாதிரி இருக்கும். பிறகு வால் லேசாக அசையும், முதுகில் நிறம் திரும்பும், கையில் ஒரு உதறல் தெரியும். அந்த உதறல் வந்த பிறகுதான் விடுவோம். சில நாள் இரண்டு நிமிடம், சில நாள் பத்து நிமிடம். படம் எடுக்க மீனை மடியில் கிடத்தச் சொல்லும் வாடிக்கையாளர்களிடம் எங்கள் தெக்கோங் முடியாது என்றே சொல்லிவிடுவார். உங்கள் வழிகாட்டியின் பக்கத்தில் மடியில் மீனோடு படங்களாக இருந்தால் யோசியுங்கள்.

சாப்பிட மீன் வேண்டுமென்றால் திரும்பும் வழியில் தெங்கிரி, உங்கள் ஊர் வஞ்சிரம், கிடைக்கலாம். அது உங்களுக்கா படகுக்கா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தீவுப் பக்கம் போய்ப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தியோமான், செரி புவாட் எல்லாம் கடல் பூங்கா, சுற்றி 2 கடல் மைல் வரை மீன் பிடிக்கத் தடை.

நாகை நெய்தல்:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை வழிகாட்டியிடம் மறுபடி பேசினேன். தெக்கோங்கின் பெயரும் படகின் படமும் அனுப்பினார், சொந்தப் படகுதானாம். வானிலை எச்சரிக்கை வரியை எழுதித் தருகிறார். முன்பணத்தை 800-க்கு மேல் கட்ட மாட்டோம் என்றேன், யோசித்துவிட்டு 1,000 என்றார். ஒத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மயில் கோலாவை விடுவது பற்றி நண்பர்களிடம் சொன்னேன். நான் ஒன்று பிடித்துப் பார்ப்பேன், மனதுக்கு ஒப்பவில்லை என்றால் மற்ற மூவரும் பிடிக்கட்டும், நான் இரை மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கிள்ளான் ஜோரான்:
1,000-மும் அதிகம்தான் தம்பி. என் கருத்து மாறவில்லை. ஆனால் தெக்கோங் பெயர் கையில் இருக்கிறதே, அடுத்த முறை அவரையே நேரே கூப்பிடுங்கள்.

கடலக்கா:
அடுத்த முறை தாராளமாக. முதல் முறை வழிகாட்டியோடு.

எண்டாவ் பையன்:
தேதி முடிவாகவில்லை என்றால் செப்டம்பர் 16-ஐ ஒட்டிப் போடாதீர்கள். மலேசிய தினம், விடுமுறை, ஜெட்டியில் கூட்டம் நெரியும். கிளம்பும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை ஆற்றுமுகங்களில் மணல் சேர்ந்திருக்கும், நீர் வற்றிய நேரத்தில் படகு தட்டும், ஆகவே சில நாள் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். வாந்தி மாத்திரையைக் கடலில் போய்ப் போடாதீர்கள். கரையில், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, லேசாகப் பசியாறிவிட்டுப் போடுங்கள்.