எட்சிங் படங்களுக்கு பிரேம் போட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தங்கை எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். கண்காட்சிகள் வரிசையாக வரப்போகின்றன, அவளுடைய எட்சிங் படங்களுக்கு (உலோகத் தகட்டை ஆசிட்டில் அரித்து, மை தடவித் தாளில் அச்சிடும் படங்கள்) பிரேம் போட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் தாளின் ஓரம் சுருண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) கொடுத்தால் ஒட்டாது, சரி. ஆனால் ஆசிட் இல்லாத போர்டு சில்லறையாக எங்கே கிடைக்கும்? கடைக்காரர் டபுள் சைடு டேப் போதும் என்கிறார். அது நாளடைவில் மஞ்சளாகிக் கறை விடும், வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஆணி அடிக்காமல் கம்பியில்தான் தொங்கவிடப் போகிறோம். வீட்டில் மாட்டிப் பார்த்தால் படம் முன்பக்கம் சாய்கிறது. பிரேமின் பின்னால் கொக்கியை எவ்வளவு மேலே வைக்க வேண்டும்? 1850இல் தொடங்கிய கல்லூரி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இடம். அங்கே படம் கோணலாகத் தொங்கினால் நன்றாகவா இருக்கும்! பழைய மாணவர்கள் யாராவது சொல்லுங்கள். பிரேம் வாடகைக்குக் கிடைத்தாலும் சரிதான்.