எருவுக்கும் எம் சாண்டுக்கும் ஒரே வீல்பேரோ சரிப்படுமா?

சோழவந்தான் தோப்பு

வணக்கம். வீடு சோழவந்தான் பக்கம். பின்னால் தொழுவம், மூன்று மாடுகள். சாணியை அள்ளிக் குழியில் போடுவதும், மக்கின எருவைத் தென்னந்தோப்புக்குக் கொண்டு போவதும் இதுவரை கூடையில்தான் நடந்தது. இப்போது கூடை தூக்க ஆள் வருவதில்லை. என் கழுத்தும் ஒத்துழைப்பதில்லை. அதனால் ஒரு வீல்பேரோ, அதாவது முன்னால் சக்கரம் வைத்த கைத்தள்ளு வண்டி, வாங்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. தை பிறந்ததும் பின்பக்கம் ஒரு அறை எடுக்கிறோம். எம் சாண்ட் என்கிற அரைத்த மணல், ஜல்லி எல்லாம் தெருவில்தான் கொட்ட முடியும். அங்கிருந்து சந்து வழியாக உள்ளே வர வேண்டும்.

சித்தப்பா வீட்டு வண்டியை இரவல் வாங்கி எரு தள்ளிப் பார்த்தோம். ஒற்றைச் சக்கரம், கெட்டி ரப்பர். வாய்க்கால் வரப்பில் ஈரம் இருக்கிற இடத்தில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. மேடு ஏறும்போது தோள்பட்டை கழன்று வருகிற மாதிரி கனம். ஒரு திருப்பத்தில் மொத்தமும் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது.

கடையில் மூன்று வகை காட்டினார்கள். கெட்டி ரப்பர் ஒற்றைச் சக்கரம், தகரத் தொட்டி. காற்றடிக்கிற டயர் ஒற்றைச் சக்கரம், அதுவும் தகரம்தான். மூன்றாவது இரட்டைச் சக்கரம், பெரிய தொட்டி. இது போக ஆன்லைனில் பிளாஸ்டிக் தொட்டி போட்டதும் வருகிறது. கடைக்காரர் "பெருசா வாங்குங்க, ஒரே நடையில் வேலை முடிஞ்சிரும்" என்கிறார். எதை எடுக்கலாம்?

வாடிப்பட்டி

இரட்டைச் சக்கரம் எடுங்க. சாயவே சாயாது. எங்கள் கோழிப்பண்ணையில் அதுதான் ஓடுகிறது, சின்னப் பையன்கூடத் தள்ளுவான்.

மேலூர் கொத்தனார்

வாடிப்பட்டி அண்ணன் சொல்வது கோழிப்பண்ணைக்குச் சரி. அங்கே சிமெண்ட் தரை, நேர் பாதை. இவர் வரப்பில் போகிறவர். வரப்பில் இரட்டைச் சக்கரத்தை விட்டால் ஒரு சக்கரம் வரப்பில் இருக்கும், இன்னொன்று வயலில் இருக்கும். பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் வண்டியும் அதோடு சேர்ந்து சரியும், கையால் நிமிர்த்த முடியாது. ஒற்றைச் சக்கரம் என்றால் தரை சாய்ந்திருந்தாலும் தொட்டியை நாம் மட்டமாகப் பிடித்துக்கொண்டு போகலாம்.

தோப்பு, முதலில் ரெண்டு அளவு சொல்லுங்கள். வரப்பு எவ்வளவு அகலம்? சந்து எவ்வளவு, வளைவு இருக்கிறதா? தொட்டி எத்தனை லிட்டர் என்பதை அப்புறம் பேசுவோம்.

சோழவந்தான் தோப்பு

வரப்பு சில இடத்தில் ஒன்றரை அடிதான். சந்து இரண்டே முக்கால் அடி, நடுவில் எல் வளைவு. கடையில் பார்த்த இரட்டைச் சக்கர வண்டி இரண்டரை அடி அகலம் இருந்தது.

மேலூர் கொத்தனார்

அப்போ பேச்சே இல்லை, ஒற்றைச் சக்கரம்தான். இரண்டரை அடி வண்டியை இரண்டே முக்கால் அடி சந்தில் விட்டால் விரல் முட்டி சுவரில் உரசும். நேர்ச் சந்தாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். எல் வளைவில் வண்டியைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஒற்றைச் சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்பும். கொட்டும்போதும் பக்கவாட்டில் சாய்த்துக் கொட்டலாம், மூக்கைக் குத்தி முன்னாலும் கொட்டலாம்.

தொட்டி விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. 85 லிட்டர் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 200 கிலோவுக்கு மேல் வரும். மணலே என்றாலும் 140 கிலோ. எந்த ஆள் நாள் முழுக்க அதைத் தள்ளுவான்? எங்கள் சைட்டில் 65 லிட்டர் வண்டிதான், கலவை என்றால் அதையும் முக்கால்தான் நிரப்புவோம். நடை கூடினாலும் ஆள் சாயங்காலம் வரை நிற்பான்.

உசிலம்பட்டி மாட்டுத்தொழுவம்

நான் ஒரு பெண்ணாக, தினமும் தள்ளுகிறவளாகச் சொல்கிறேன் தம்பி. எங்கள் தொழுவத்தில் காலை சாணியும் மாட்டுத் தீவனமும் நான்தான் தள்ளுகிறேன்.

பச்சைச் சாணி தண்ணீர் மாதிரியே கனம். லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மக்கின எரு அதில் பாதி, கொஞ்சம் ஈரமாக இருந்தால் முக்கால்வாசிக்குக் குறைவு. அதனால் எருவுக்கு 85 லிட்டர் தொட்டி தாராளமாகத் தாங்கும், கைக்கும் சுமையில்லை. கொத்தனார் சொல்கிற 65 எருவுக்குச் சின்னதாகிவிடும். உங்களுக்கு எரு வேலை வருஷம் முழுக்க இருக்கும். அறை வேலை ரெண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். வருஷம் முழுக்க இருக்கிற வேலைக்கு வண்டி வாங்குங்கள். கட்டட வேலைக்கு அதே வண்டியில் பாதி நிரப்பினால் போகிறது.

யார் யார் தள்ளப் போகிறீர்கள்? வீட்டுப் பெண்களும் தள்ளுவார்கள் என்றால் கடையிலேயே அவர்களைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கை தொங்கப் பிடித்து நிமிர்ந்து நின்றால் வண்டியின் கால்கள் தரையை விட்டு எழ வேண்டும். உயரமான ஆம்பளைக்குச் செய்த வண்டியை நான் பிடித்தால் முழங்கை மடங்கும், கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

லேத் பட்டறை, திருமங்கலம்

மேடு ஏறும்போது கனம் என்றீர்களே, அதற்கு வருகிறேன். வீல்பேரோ ஒரு நெம்புகோல். சக்கரத்து அச்சுதான் தாங்குமுனை. அச்சிலிருந்து கைப்பிடி 130 செ.மீ., பாரத்தின் நடு 50 செ.மீ. என்று வையுங்கள். 100 கிலோ ஏற்றினால் கைக்கு 38 கிலோ வரும். அதே 100 கிலோவைச் சக்கரத்துப் பக்கம் தள்ளி 35 செ.மீ.யில் வைத்தால் கைக்கு 27 கிலோதான். மீதி எல்லாம் சக்கரம் தாங்கிக்கொள்ளும்.

உங்கள் சித்தப்பா வண்டியில் மம்பட்டியால் அள்ளிப் போட்ட எரு பின்பக்கம், அதாவது நிற்கிறவர் பக்கமே குவிந்திருக்கும். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், நிற்கிற இடத்திலிருந்து கை எட்டுவது அதுதான். முன்பக்கம் நின்று அள்ளிப் போடச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். வாங்கும்போதும் தொட்டியின் ஆழமான பகுதி சக்கரத்துக்கு மேலே வருகிற மாதிரி இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். சில வண்டியில் தொட்டி முழுக்கப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதை வாங்கினால் வாழ்நாள் தண்டனை.

இனிமேல் சக்கரம். புதைந்ததற்குக் காரணம் கெட்டி ரப்பர் ஒடுக்கமாக இருந்தது. காற்று டயர் அகலம், கொஞ்சம் அமுங்கி மண்ணில் பரவி நிற்கும், அதனால் ஈர வரப்பில் ஏறிப் போகும். கெட்டி ரப்பர் சிமெண்ட் தரைக்கும் பட்டறைக்கும்தான்.

வாடிப்பட்டி

காற்று டயர் என்றால் கருவேல முள் என்ன சொல்லும்? நம்ம பக்கம் வரப்பு ஓரமெல்லாம் சீமைக்கருவேலம்தானே. அதனால்தான் நாங்கள் காற்று டயர் பக்கமே போகவில்லை.

லேத் பட்டறை, திருமங்கலம்

அண்ணே, நியாயமான கேள்வி. வண்டியோடு வருகிற டயர் பெரும்பாலும் மெல்லிசு, முள் ஏறத்தான் செய்யும். ஒரு வழி இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 4.00-8 என்று போட்டிருந்தால் அது நம்ம பயணிகள் ஆட்டோவில் ஓடுகிற அளவு. வண்டியோடு வந்த டயர் தேய்ந்ததும் ஆட்டோ டயரே போட்டுவிடலாம், பழசாக இருந்தாலும் போதும். அதன் தடிமனில் முள் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகாது. டியூபும் எந்த ஊரிலும் கிடைக்கும். டியூப் வாங்கும்போது வால்வு நேரா, வளைந்ததா என்று பழசைக் காட்டி வாங்குங்கள். சின்ன ரிம்மில் நேர் வால்வு இருந்தால் காற்றடிக்கிற முனை உள்ளே நுழையாமல் தகராறு பண்ணும்.

டியூபுக்குள் விடுகிற பஞ்சர் திரவமும் இருக்கிறது. சின்ன முள்ளுக்கு அது போதும்.

காற்று 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். டயரில் அதற்கும் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. பஞ்சர் கடையில் சொல்லாமல் விட்டால் கையோடு அமுக்கி நிறைய அடித்துவிடுவார்கள், அப்புறம் வண்டி கல்லில் பட்டால் துள்ளும்.

சோழவந்தான் தோப்பு

அருமை அண்ணே. தகரமா பிளாஸ்டிக்கா என்று யாரும் சொல்லவில்லையே? அக்கா, சாணிக்குத் தகரம் துரு பிடிக்காதா?

உசிலம்பட்டி மாட்டுத்தொழுவம்

பிடிக்கும். சாணியும் மாட்டு மூத்திரமும் தகரத்தைத் தின்றுவிடும். முதலில் போவது அடி மூலையும், போல்ட் உட்கார்ந்திருக்கிற இடமும்தான். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். உரம் ஏற்றினால் இன்னும் கவனமாகக் கழுவ வேண்டும், யூரியா சிந்தினால் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் துரு பிடிக்காது, லேசு, சாணி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழும். சாணி மட்டும் என்றால் நான் பிளாஸ்டிக்தான் சொல்வேன். ஆனால் நம்ம வெயிலில் வெளியே கிடந்தால் வெளுத்து, மொறுமொறுவென்று ஆகி, ஒருநாள் விளிம்பு உடையும். நிழலில் நிறுத்த இடம் இருந்தால் மட்டும் எடுங்கள். அடுப்புச் சாம்பலைக் கங்கோடு கொட்டினாலும் போச்சு.

மேலூர் கொத்தனார்

ஜல்லி வருகிறது என்கிறார், பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம் அக்கா. ஜல்லியை மேலேயிருந்து கொட்டினால் கீறிக் கிழிந்துவிடும். கலவை காய்ந்து ஒட்டினால் கொத்துக் கரண்டியால் சுரண்டவும் முடியாது. தகரத்தில் தட்டினால் பெயர்ந்து விழும்.

லேத் பட்டறை, திருமங்கலம்

தகரம் எடுப்பதாக முடிவு செய்தால் கேஜ் கேளுங்கள். 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. எண் ஏற ஏறத் தகடு மெலியும், இதைத் தலைகீழாகச் சொல்லி விற்கிற கடைகள் உண்டு. எருவும் அவ்வப்போது மணலும் என்றால் 18 போதும். 16 எடுத்தால் வெறும் வண்டியே கனக்கும்.

தொட்டி விளிம்பைத் தடவிப் பாருங்கள். உள்ளே கம்பி வைத்துச் சுருட்டியிருந்தால் வளையாது, வெறுமனே மடித்து விட்டிருந்தால் செங்கல் பட்டவுடன் நெளியும். வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் அச்சு உட்காருகிற புஷ் தேய்ந்ததோ, சரியாக உட்காராததோ. பால் பேரிங் போட்ட சக்கரம் கிடைத்தால் அதை விடாதீர்கள், கிரீஸ் அடித்துவிட்டால் சத்தமே வராது. கால் இரண்டையும் இணைத்துக் குறுக்குப் பட்டை இருக்க வேண்டும். அது இல்லாத வண்டி ஈர மண்ணில் பாரத்தோடு நிற்கும்போது கால் விரிந்துவிடும்.

சோழவந்தான் தோப்பு

நேற்று மதுரை டவுனில் ஒரு கடையில் பார்த்து எடுத்துவிட்டேன். ஒற்றைச் சக்கரம், 4.00-8 காற்று டயர், 85 லிட்டர், 18 கேஜ், விளிம்பில் கம்பி இருக்கிறது. என் மனைவியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தோம், முதலில் காட்டிய வண்டியில் அக்கா சொன்ன மாதிரியே கால் தரையைத் தேய்த்தது. வேறொன்றில் கைப்பிடி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தது, அது சரியாக வந்தது. கடைக்காரருக்குத்தான் பொறுமை போய்விட்டது.

எருவை முன்பக்கம் நின்று அள்ளிப் போட்டு வரப்பில் தள்ளினோம். ஈரத்தில் புதையவில்லை.

இரண்டு சந்தேகம் மிச்சம். வீட்டு வாசலில் மூன்று படி, மணலை அதன் மேல் எப்படி ஏற்றுவது? சாணி ஏற்றினால் அடியில் தண்ணீர் தேங்குகிறது. தொட்டியில் ஓட்டை போடலாமா?

மேலூர் கொத்தனார்

படிக்குப் பலகை போடுங்கள். அகலம் ஒரு அடியாவது வேண்டும், நீளம் மூன்று படியின் மொத்த உயரத்துக்கு ஐந்தாறு மடங்கு. இரண்டு முனையும் நகராமல் ஆணியோ கல்லோ வையுங்கள். தொட்டியில் பாதிதான். பலகைக்கு முன்னாலேயே கொஞ்சம் வேகம் எடுத்து ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும், நடுவில் நின்றால் வண்டி பின்னால் இழுக்கும். மாடிக்கு என்றால் வண்டியை மறந்துவிடுங்கள், சித்தாளும் சட்டியும்தான்.

ஓட்டை இப்போது போடாதீர்கள். கலவை ஏற்றினால் சிமெண்ட் பால் அதன் வழியாக ஒழுகிவிடும், மிஞ்சுவது வெறும் மணலும் ஜல்லியும். அறை வேலை முடியட்டும்.

லேத் பட்டறை, திருமங்கலம்

அதுவரை வேலை முடிந்ததும் வண்டியை மூக்கு தரையில் பட, கைப்பிடி மேலே தெரிய, சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். தண்ணீர் தானாக வடியும், மழையும் தேங்காது. பிறகு ஓட்டை போடுவதானால் சக்கரத்துப் பக்கம் இருக்கிற அடி மூலையில் 8 மி.மீ. அளவில் ரெண்டு போதும். போட்ட விளிம்பில் ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள், துரு அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்.

சோழவந்தான் தோப்பு

சரி அண்ணே. தச்சரிடம் பலகை சொல்லியாச்சு. ஓட்டை மாசிக்கு அப்புறம்.