இரண்டு ஆண்டுகளில் மூன்று செல்ஃப் மோட்டார்: காரணத்தைக் கண்டுபிடிக்க உதவி தேவை

கேள்வி: லாரி உரிமையாளர், நாமக்கல்

வணக்கம். சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டி வருகிறேன். 2004ஆம் ஆண்டு வண்டி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் மின்சாரம். தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் ஏற்றி வருவதுதான் பெரும்பாலும் எனக்கு வேலை.

இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை செல்ஃப் மோட்டார் (எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) பழுதாகிவிட்டது. முதல் முறை ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பாகம்) எரிந்தது. அடுத்து சாலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) போனது. அதன் பிறகு, ரீகண்டிஷன் செய்த மோட்டார் ஒன்றை முழுதாகவே வாங்கி மாட்டினேன்; அது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்கிறது, மோட்டார் சுற்றுவதில்லை. கிளீனர் தம்பி கீழே இறங்கி வீல் ஸ்பேனரால் மோட்டாரின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினால், சில நேரம் மெதுவாகச் சுற்றி எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் முழு லோடுடன் தொப்பூர்க் கணவாயை ஒட்டிய தேநீர்க் கடையில் நிறுத்திவிட்டு, மறுபடியும் எடுக்க முடியாமல், வேறொரு லாரியில் கயிறு கட்டி இழுத்துத்தான் எஞ்சினை எடுத்தோம். அந்த இறக்கத்தில் எஞ்சின் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு நின்றது எனக்குப் பெரும் பயமாக இருந்தது.

இதற்குத் தொடர்பில்லாத இன்னொரு தொல்லையும் உண்டு. ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது. ஓராண்டில் இரண்டு மாற்றியாயிற்று. பட்டறைகளில் மோட்டாரை மாற்றத்தான் சொல்கிறார்கள். நான்காவது மோட்டார் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள் ஐயா.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீசியன், சங்ககிரி

தம்பி, மோட்டாரை இப்போதைக்குக் கழற்றாதீர்கள். தொடர்பில்லாதது என்று நீங்கள் எழுதிய ஆக்சிலரேட்டர் கேபிளில்தான் எனக்குச் சந்தேகமே தொடங்குகிறது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. ஆகவே மோட்டாருக்குள் சென்ற பல நூறு ஆம்பியர் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதற்கு, எஞ்சினையோ கியர்பாக்ஸையோ சேசிஸுடன் இணைக்கும் எர்த் பட்டை ஒன்றுதான் சரியான வழி. அந்தப் பட்டை கெட்டுப்போனால் மின்சாரம் எஞ்சினையும் சேசிஸையும் தொடும் வேறு எந்த உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அகப்படுவது ஆக்சிலரேட்டர் கேபிள்தான். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது சூடாகி, உள்ளே இருக்கும் உறை உருகி, கம்பி இறுகிவிடும்.

மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாருக்கு ஓய்வுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மோட்டார் வேகமாகச் சுற்றும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகி, இழுக்கும் ஆம்பியரைக் கட்டுப்படுத்துகிறது. திணறிச் சுற்றும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ஆம்பியர் உயர்ந்து, எல்லாம் சூடாகவே மாறுகிறது. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்திக் கிடைக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும் என்பதால், மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் பிடிக்கவும் செய்யாது. ஓட்டுநர் மேலும் மேலும் சாவியைத் திருப்புவார், ஆர்மேச்சர் எரியும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி, காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் அதில் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்டாப் கேபிளை (எஞ்சினை அணைக்கும் கேபிள்) இழுத்துப் பிடித்து, எஞ்சின் பிடிக்காதபடி வைத்துக்கொண்டு, கிளீனரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். இடையில் இரண்டு நிமிடம் விடுங்கள். மோட்டார் சுற்றும் அந்த நேரத்தில் மூன்று அளவுகள் வேண்டும்: இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்து மொத்த வோல்ட், பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே உள்ள வோல்ட், நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையே உள்ள வோல்ட். மீட்டர் ஊசியைக் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே அழுத்தி வையுங்கள். மொத்தம் 19க்குக் கீழே இறங்கக் கூடாது. மற்ற இரண்டும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கேபின் மின்விசிறி, பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர் ஆகியவற்றுக்கு எங்கிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறீர்கள்? ஒரு பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதா?

மறுமொழி: லாரி உரிமையாளர், நாமக்கல்

ஐயா, நீங்கள் சொன்னபடியே அளந்தேன். ஒரு பேட்டரி 12.65, மற்றொன்று 11.9. சுற்றும்போது மொத்தம் 17.2. பாசிட்டிவ் பக்கம் 0.4. நெகட்டிவ் பக்கம் 2.6!

உடனே வண்டிக்குக் கீழே படுத்து எர்த் பட்டையைத் தேடினேன். கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடந்ததைத் துடைத்துப் பார்த்தால், பின்னிய செம்புக் கம்பிகளில் பாதி அறுந்து, மீதி பச்சை பூத்திருக்கிறது. போன எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) முன் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியபோது, சேசிஸில் புதிதாக அடித்த பெயின்ட்டின் மேலேயே அதை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றியதும் அடியில் பெயின்ட் வட்டமாக அப்படியே இருந்தது.

மின்விசிறியும் பாட்டும் சார்ஜரும் 11.9 காட்டும் பேட்டரியிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. மற்றதற்குத்தான் அடிக்கடி தண்ணீர் ஊற்றுகிறேன். அது போன ஆண்டு வாங்கியது; பலவீனமானது அதற்கும் பழையது.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீசியன், சங்ககிரி

கணக்குப் போட்டுப் பாருங்கள். 17.2இல் 0.4உம் 2.6உம் வழியிலேயே போய்விட்டால், 24 வோல்ட் மோட்டாருக்குக் கிடைத்தது 14.2 மட்டுமே. எந்த மோட்டாரை மாட்டினாலும் இதே கதிதான்.

பழைய பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, பருமன் குறையாத புதிய பட்டையைப் போடுங்கள். இரு முனைகளிலும் பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மின்விசிறி முதலியவற்றை 24-இலிருந்து 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் வழியாகக் கொடுங்கள். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்தால் அது என்றும் நிறையாது. மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீரைக் கொதித்து இழக்கும். இரண்டையும் ஜோடியாக, ஒரே ஆம்பியர் அளவில், ஒரே நாளில் வாங்குங்கள். புதியதுடன் பழையதைச் சேர்த்தால் பழையது புதியதையும் கெடுக்கும்.

மோட்டாரை அதன் பிறகு கழற்றலாம். தட்டினால் ஓடுகிறது என்பதால் கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். ஒரே ‘டக்’ சத்தம் சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தட்டு கருகியதையும் காட்டலாம். ஆர்மேச்சரின் மேல் உரசிய கோடுகள் தெரிந்தால் புஷ் (அதன் தண்டைத் தாங்கும் வளையம்) போய்விட்டது; அதை மாற்றாமல் மூடவே மூடாதீர்கள்.

மறுமொழி: மெக்கானிக், கரூர்

மோட்டாரைக் கழற்றிய துளை வழியாக ஃபிளைவீலின் ரிங் கியரையும் (மோட்டாரின் பல் வந்து பிடிக்கும் பல்வளையம்) பார்த்துவிடுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் வந்து நிற்கும் என்பதால், பல் தேய்வதும் அந்த இடங்களிலேயே இருக்கும். ஒரு பல்லைப் பார்த்து முடிவு செய்யாமல் எஞ்சினைக் கையால் முழுதாகச் சுற்றிப் பாருங்கள். டீசல் ஃபில்டர் மாற்றியபின் செல்ஃபைப் போட்டே காற்றை வெளியேற்றுவது பலருக்குப் பழக்கம். அப்படி மோட்டாரை வதைக்காதீர்கள்; காற்றை வெளியேற்றத்தான் கைப் பம்ப் இருக்கிறது.

மறுமொழி: லாரி உரிமையாளர், நாமக்கல்

புதிய பட்டையும் ஜோடி பேட்டரிகளும் போட்டாயிற்று. சுற்றும்போது மொத்தம் 21.4, எர்த் பக்கம் 0.2. மோட்டாரைப் பிரித்ததில் புஷ் நன்றாக இருக்கிறது, ரிங் கியரும் பரவாயில்லை. பிரஷ்களில் இரண்டு ஸ்பிரிங் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. சாலினாய்டின் செம்புத் தட்டு ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருக்கிறது. அதைத் திருப்பிப் போடலாமா ஐயா?

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரீசியன், சங்ககிரி

ஒரு முறை திருப்பிப் போடலாம் தம்பி. ஆனால் அந்தத் தட்டு வந்து மோதும் இரண்டு போல்ட்டுத் தலைகளும் அதே அளவு கருகியிருக்கும்; அவற்றை அரம் போட்டுச் சமன் செய்யாவிட்டால் தட்டு ஒரு பக்கம் மட்டும் தொட்டு, ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். தாவணகெரே வரை போய் வருகிற வண்டிக்கு, தட்டும் போல்ட்டுகளும் சேர்ந்த புதிய செட்டையே போடுங்கள்.