டீஜேக்கள் பாடல்களை எங்கே வாங்குகிறீர்கள்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மதுரை உறுப்பினர்:

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வரவேற்பில், பெரிய சப்வூஃபர்கள் வைத்த ஒலியமைப்பில் முதன்முறையாகப் பாட்டுப் போட்டேன். வீட்டில் ஹெட்ஃபோனில் நன்றாகக் கேட்ட பாடல்கள் அங்கே தட்டையாக ஒலித்தன. ஜால்ரா ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சலசலத்தது. ஒலியமைப்பாளர் என் பென்டிரைவைத் தம் மடிக்கணினியில் செருகி, ஸ்பெக் என்னும் இலவசச் செயலியில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். பெயரில் 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கான தரவின் அளவு; கூடினால் தரமும் கூடும்) என்று போட்டிருந்த அந்தப் பாடலின் அதிர்வெண் படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட, அதற்கு மேலே வெறும் கறுப்பாக இருந்தது. அதாவது, 128 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்கிய கோப்பை யாரோ மறுபடி 320 ஆக மாற்றி இலவசத் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கோப்பின் அளவு கூடுமே தவிர, போன ஒலி திரும்பாது.

அன்றிலிருந்து விலை கொடுத்தே வாங்குகிறேன். ஹவுஸ், டெக்னோ ஆகிய மின்னணு நடன இசை வகைகளுக்கு 2004 இல் தொடங்கப்பட்ட பீட்போர்ட் என்னும் இணையக் கடை எனக்குப் பெரிதும் உதவுகிறது; ஒவ்வொரு பாடலின் வேகமும் சுருதியும் அங்கே குறிக்கப்பட்டிருப்பதோடு, தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் ஓடும் எக்ஸ்டெண்டட் மிக்ஸ் கிடைப்பதால் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நெருடலின்றிப் போக முடிகிறது. ஆனாலும் மனத்துக்கு நெருக்கமானது, கலைஞர்கள் தாங்களே பாடல்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளம்தான். டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும் அத்தளம், 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்னும் குறிப்பிட்ட நாள்களில் அந்தப் பங்கையும் கலைஞர்களுக்கே விட்டுக்கொடுக்கிறது. நான் அந்த நாள்களுக்காகப் பட்டியல் எழுதி வைத்துக் காத்திருப்பேன். வாங்கியதை, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் அல்லது வேவ் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்கார்பரோ (கனடா) உறுப்பினர்:

மதுரை அண்ணன் சொன்ன கடைகளில் எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களைத் தேடி நான் சலித்துவிட்டேன். இங்குள்ள பிறந்தநாள் விழாக்களில் இளையராஜா பாடல் இல்லாமல் பெரியவர்கள் எழுந்து ஆடுவதில்லை. எனவே பழைய குறுந்தகடுகளை வாங்கி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருளால் ஃபிளாக்காக மாற்றிக்கொள்கிறேன். குறுந்தகட்டில் நல்ல பதிப்பு அகப்படாதபோது பழைய இசைத்தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் எக்கோ இசை நிறுவனத்தின் இசைத்தட்டைத் தேடுவேன். தட்டைத் துடைத்து, ஊசியை வைத்து, ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடியும்வரை அருகிலேயே அமர்ந்து பதிவு செய்ய வேண்டும். ஒரு பாட்டுக்காக ஒரு மாலைப்பொழுது போய்விடும். அந்த பேஸ் கிட்டார் அரங்கில் ஒலிக்கும்போது, போன மாலையை நான் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

கோவை உறுப்பினர்:

மாதச் சந்தா கட்டினால் டீஜேக்களுக்குப் பாடல்கள் தரும் ரெக்கார்ட் பூல்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 1975 இல் நியூயார்க்கில் டேவிட் மன்குசோவும் பிற டீஜேக்களும் ஒன்றுகூடி, நிறுவனங்களின் புதிய இசைத்தட்டுகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தவை அவை. ஆங்கிலப் பாடல்களுக்கு, முன்னால் தாளம் சேர்த்த இன்ட்ரோ பதிப்பும் கெட்ட சொல் நீக்கிய கிளீன் பதிப்பும் அங்கே கிடைப்பதால், குழந்தைகள் இருக்கும் விழாக்களில் நான் அச்சமின்றிப் போடுகிறேன்.

ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தரைக்குக் கீழிருந்த ஒரு மண்டபத்தில் இணையம் அறுந்து, மணமகள் உள்ளே வரும் நேரத்தில் அவர் கேட்டிருந்த பாடல் ஒலிக்காமல், திரையில் வட்டம் மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பாடலை விலைக்கு வாங்கி, இரண்டு பென்டிரைவ்களில் ஏற்றினேன்.